ஒட்டாதீங்க, கட்டுங்க: வாசல்ல மாட்டற ரீத் செஞ்ச அனுபவம்

ரீத், அதான் இலை, பூ, காயெல்லாம் வச்சு அலங்காரத்துக்கு மாட்டற வளையம், அதைச் செய்யறது எப்படின்னு தேடி எந்த வீடியோவைப் பார்த்தாலும் மொத ரெண்டு நிமிஷத்துல க்ளூ கன் வெளிய வந்துடும். வளையத்தை வை, சூடா பசையை வை, பூவை ஒட்டு, முடிஞ்சுது. பார்க்க நல்லாதான் இருக்கும், ஏசி ரூம்ல தொங்குனா அப்படியே கூட இருந்துக்கும். ஆனா நம்ம சேலத்துல, அதுவும் மேக்க பார்த்த வாசல், முன்னாடி இரும்பு கேட்டு, மதியம் ரெண்டு மணிக்கு மேல அந்தக் கேட்டைத் தொட முடியாது, அந்த இடத்துல இந்தப் பசை நிக்காதுங்க. க்ளூ கன்ல சொருகற பசைக் குச்சி வேற ஒண்ணுமில்ல, சூட்டுக்கு உருகி ஆறினதும் கெட்டியாகற பிளாஸ்டிக்தான். சின்ன கன்ல 120 டிகிரி வாக்குல உருகும், பெரிய கன்ல 190 வரைக்கும் போகும், ஆனா உருகறதுக்கு ரொம்ப முன்னாடியே இளக ஆரம்பிச்சிடும். என் நாத்தனார் ஆன்லைன்ல ஆசையா வாங்கி மாட்டின ரீத்து பங்குனியைத் தாண்டல, தினம் சாயங்காலம் வாசல் பெருக்கும்போது ரெண்டு பூ, ஒரு பைன் காய்னு முறத்துல வந்துக்கிட்டே இருந்துச்சு. அதே வாசல் நிலையில தை மாசம் கட்டின மாவிலைத் தோரணம் சருகாப் போயும் அசையாம தொங்குது. ஏன்னா அது கட்டினது.

நான் சேலம் அம்மாபேட்டைல பொறந்து வளர்ந்தவ. தறி இருந்த வீடு, நூலும் முடிச்சும் எப்பவும் காலைச் சுத்திக்கிட்டே கிடக்கும், அது போக அம்மா உதிரிப்பூ வாங்கி சாயங்காலம் திண்ணைல உக்காந்து கட்டும். பக்கத்துல உக்காந்து உக்காந்து எனக்கும் கை பழகிடுச்சு. ரீத் செய்யலாம்னு தோணினப்போ, க்ளூ கன் வர்றதுக்கு முன்னாடி வெளிநாட்டுல எப்படி செஞ்சாங்கன்னு தேடிப் பார்த்தேன். ஒரு கம்பிச் சுருளை எடுத்து, சின்னச் சின்னக் கொத்தா இலையை வளையத்து மேல வச்சு, காம்பைச் சுத்தி இறுக்கி, அடுத்த கொத்தை வச்சு அந்தக் காம்பை மறைச்சு, கம்பியை எங்கயும் வெட்டாமலே ஒரு ரவுண்டு முடிச்சுடறாங்க. அட, இது நம்ம கதம்பம் கட்டறதுதானே, நாருக்குப் பதிலா கம்பி, அவ்ளோதான். அம்மாகிட்ட காட்டினேன், ஒரு பார்வை பார்த்துட்டு "இதுக்குப் போயி வீடியோவா"ன்னு கேட்டுச்சு.

சரி, கட்டற விதத்தைச் சொல்லிடறேன், இதுதான் முக்கியமான விஷயம், மத்ததெல்லாம் உங்க கைல என்ன கிடைக்குதோ அதைப் பொறுத்தது. வளையத்துல ஒரு இடத்துல கம்பியோட நுனியை நல்லா முறுக்கிக் கட்டிக்கோங்க. நாலஞ்சு காம்பைச் சேர்த்து உள்ளங்கை அளவுக்கு ஒரு கொத்து எடுத்து வளையத்து மேல கொஞ்சம் சாய்ச்சு வச்சு, காம்பு மேல மட்டும் மூணு சுத்து, ஒவ்வொரு சுத்துக்கும் கம்பியைக் கீழ்ப்பக்கமா இழுத்து இறுக்கணும். அடுத்த கொத்தோட தலை, முந்தின கொத்தோட காம்பு மேல படுத்துக்கணும். ஒரு கொத்து உள்பக்கமா சாயணும், அடுத்தது நடுவுல, அடுத்தது வெளிப்பக்கமா, இப்படியே மாத்தி மாத்திப் போனாதான் வளையம் தெரியாம நிறைஞ்சு வரும். திசையை மட்டும் மாத்தவே கூடாது, எந்தப் பக்கமா ஆரம்பிச்சீங்களோ அந்தப் பக்கமாவே போகணும். கடைசிக் கொத்து கட்டும்போது மொதக் கொத்தோட தலையை ஒரு கைல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அதுக்கு அடியில காம்பைச் சொருகிச் சுத்தணும், அப்பதான் எங்க ஆரம்பிச்சது எங்க முடிஞ்சதுன்னு யாருக்கும் தெரியாது.

எத்தனை கொத்து வேணும்னு முன்னாடியே கணக்குப் போட்டுக்கோங்க. 12 இஞ்ச் வளையம்னா சுத்தளவு 37, 38 இஞ்ச் வரும், ஒண்ணரை இஞ்சுக்கு ஒரு கொத்துன்னு வச்சா 25 கொத்து. அத்தனையும் மொதல்லயே ரெடி பண்ணி பேப்பர் மேல வரிசையா வச்சுட்டுத்தான் கட்ட உக்காரணும். பாதி கட்டினப்புறம் பூ பத்தலைன்னு எழுந்தா கம்பி லூசாகிடும், அப்புறம் வர்ற கொத்தெல்லாம் மெலிஞ்சு மெலிஞ்சு போகும், சந்திரன் தேயற கணக்கா ஒரு பக்கம் குண்டா ஒரு பக்கம் ஒல்லியா வந்து நிக்கும்.

இன்னொண்ணு, பச்சையா இருக்கற இலையைக் கட்டினா அது காயும்போது சுருங்கும், காம்பு சன்னமாகும், நீங்க இறுக்கிக் கட்டினது தொளதொளன்னு ஆகிடும். அதனால ரெண்டுல ஒண்ணு, நல்லா காஞ்ச பொருளை மட்டும் கட்டணும், இல்லைன்னா பச்சையா கட்டி ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு பின்பக்கமா இன்னொரு தடவை கம்பி ஓட்டி இறுக்கணும். வாழை நார்ல கட்டலாமான்னு கேக்கறவங்களுக்கு, ஈரமா இருக்கற வரைக்கும்தான் அது வளையும், காஞ்சா ஒடியும், சாமிக்குப் போடற மாலை ஒரு நாள் இருந்தா போதும், இது மாசக்கணக்கா தொங்கணும்ல.

அப்ப எந்தக் கம்பி? ஹார்டுவேர் கடைல கேட்டா கருப்பா இருக்கற கட்டுக்கம்பியைக் கொடுப்பாங்க, கொத்தனாருங்க கான்கிரீட் கம்பி கட்டறது. மலிவு, நல்லா வளையும், ஆனா ஒரு மழை பட்டா துரு புடிச்சு செவுத்துல காவிக் கோடு இறங்கும். துத்தநாகம் பூசின ஜிஐ கம்பி சீக்கிரம் துருப் பிடிக்காது, ஆனா அதோட வெள்ளைப் பளபளப்பு இலைக்கு நடுவுல தெரியும். எனக்குத் தோதா அமைஞ்சது மோட்டாருக்குக் காயில் கட்டற கடைல கிடைக்கற தாமிரக் கம்பி. தறிப் பட்டறை, கிணத்து மோட்டார்னு இங்க இந்தக் கடைக்குப் பஞ்சமே கிடையாது. பழைய காயில்ல இருந்து உருவினது வேண்டாம், வார்னிஷ் காஞ்சு இறுகிப் போயி ஒடியும், புதுச் சுருள்ல மிச்சம் விழற துண்டைக் கேளுங்க. அவங்க அதையும் எடைக்குத்தான் போடுவாங்க, அதனால சும்மா கேக்காம காசு குடுத்து வாங்குங்க. மெருன் கலர்ல இருக்கும், காஞ்ச இலை குச்சியோட கலந்து கண்ணுக்கே தெரியாது, துருவும் கிடையாது. கை மட்டும் பத்திரம், இழுத்து இறுக்கும்போது ஆள்காட்டி விரலை அறுக்கும், நான் பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டுத்தான் உக்காருவேன்.

வளையத்துக்கு வருவோம். கடைல ரெடிமேடா தெர்மோகோல் வளையம், பிரம்பு வளையம் எல்லாம் விக்குது. தெர்மோகோல் வேண்டவே வேண்டாம், கம்பி இறுக்கினா உள்ள அறுத்துக்கிட்டுப் போகும், ஒட்டறவங்களுக்குத்தான் அது. நம்ம ஊருக்கு, அதுவும் ஏற்காட்டு மலைக்கு, உண்ணிச்செடியை விட்டா வேற ஒண்ணும் தேட வேண்டாம். அமெரிக்கா பக்கத்துச் செடி, வெள்ளைக்காரன் காலத்துல அழகுக்குன்னு கொண்டு வந்து வச்சது, இன்னிக்கு ஏற்காடு இருக்கற சேர்வராயன் மலை பூராவும் பாதை ஓரமும் எஸ்டேட் ஓரமும் அதுதான். ஆடு மாடு தின்னா ஆகாது, கீழ வேற எதையும் வளர விடாது, வெட்டி எடுத்தா எஸ்டேட்காரங்க சந்தோஷப்படுவாங்க. கூடலூர் பக்கம் பழங்குடி மக்கள் இந்தக் கொம்புலயே நிஜ யானை சைசுக்கு யானை செய்யறாங்க, 2021ல லண்டன் பார்க்குங்கள்ல கூட்டமா நிக்க வச்சாங்களே, அதெல்லாம் நம்ம உண்ணிக்கொம்புதான். யானையையே தாங்குதுன்னா ரீத்தைத் தாங்காதா.

எங்க சித்தப்பா நாகலூர் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்ல கணக்கப்பிள்ளை. எனக்கு மலைல இருந்து வர்ற பொருளெல்லாம் அவர் வழியாதான். ஒண்ணு சொல்லிடறேன், ஏற்காடு டூர் போற வழில கொண்டை ஊசி வளைவுல வண்டியை நிறுத்தி காட்டுக்குள்ள இறங்கி கொடி வெட்டறது, காய் பொறுக்கறது எல்லாம் வேண்டாம். அது ரிசர்வ் ஃபாரஸ்ட், கீழ விழுந்த காயா இருந்தாலும் எடுக்கக் கூடாது, அடிவாரத்துல செக்போஸ்ட் இருக்கு. எஸ்டேட்ல ஓனர்கிட்ட கேட்டு எடுங்க, தெரிஞ்சவங்க வீட்டுத் தோட்டத்துல எடுங்க. சித்தப்பாவே ஒவ்வொரு தடவையும் "துரைகிட்ட சொல்லிட்டேன் பாப்பா, எடுத்துக்கோ"ன்னு சொன்னப்புறம்தான் நான் கத்தியை எடுப்பேன். இன்னிக்கும் ஓனரை துரைன்னுதான் சொல்வார், அந்த ஓனர் பக்கா சேலத்துக்காரர்.

உண்ணிக்கொம்பு பென்சில் தடிமனுக்கு, நாலஞ்சு அடி நீளத்துக்கு, கிளை இல்லாததாப் பார்த்து வெட்டணும். சதுரமா இருக்கும், ஓரத்துல சின்னச் சின்ன முள்ளு, சாக்குத் துணியைச் சுத்திப் பிடிச்சு ஒரு இழுப்பு இழுத்தா பாதி முள்ளு போயிடும், மிச்சத்தைக் கத்தி முதுகால சுரண்டலாம். வெட்டின அன்னிக்கே வளைச்சா நல்லா வளையும். அடுத்த நாள்னா அண்டால தண்ணி கொதிக்க வச்சு உள்ள போட்டு அரை மணி நேரம் வேகவச்சு எடுத்தா தோலும் உரியும், கொம்பும் வளையும். மொதக் கொம்பை வட்டமா வளைச்சுக் கட்டிட்டு, அடுத்த கொம்பை அது மேல கயிறு முறுக்கற விதத்துல சுத்திச் சுத்தி விடணும், நாலு கொம்பு போனா கெட்டியான வளையம். உடனே எடுத்து மாட்டிடாதீங்க, ஒரு பலகை மேல வச்சு நாலு பக்கமும் ஆணி அடிச்சு அடக்கி ஒரு வாரம் காயவிடுங்க, இல்லைன்னா காயும்போது அது இஷ்டத்துக்குத் திருகிக்கும். மலைக்குப் போக வழி இல்லாதவங்க வீட்டுல முல்லைக்கொடி, ஜாதிமல்லிக்கொடி வெட்டி விடும்போது முத்தின கொடியா எடுத்து இதே மாதிரி பண்ணலாம், கொஞ்சம் சன்னமா இருக்கும், ஏழெட்டு கொடி போடணும். மிளகுக்கொடி மட்டும் வேண்டாம், கணுவுக்குக் கணு ஒடியும்.

இனி மேல கட்டற பொருள். மலைல இருந்து எனக்கு வர்றது சில்வர் ஓக் இலை, தைல மரக் காய், ஜகரண்டா காய், சவுக்குக் காய், ரெண்டு மூணு பைன் காய், கவாத்து பண்ணும்போது வெட்டின பழைய காப்பிக் கட்டையை வில்லை வில்லையா அறுத்தது. காப்பிக் கட்டை ரொம்ப வைரம், அறுத்தா வெளிர் மஞ்சளா வழவழன்னு இருக்கும், ரெண்டு ஓட்டை போட்டு கம்பி விட்டுக் கட்டினா பட்டன் வச்சாப்ல அழகா இருக்கும். சில்வர் ஓக் காப்பிக்கு நிழலுக்காக வச்ச மரம், தண்டுல மிளகு ஏத்தியிருப்பாங்க, இலை மேல்பக்கம் பச்சை, அடிப்பக்கம் வெள்ளி. காஞ்சா சுருண்டுக்கும், அதனால பேப்பருக்கு நடுவுல வச்சு மேல புத்தகம் அடுக்கி காயவச்சு, வெள்ளிப்பக்கம் வெளிய தெரியற மாதிரி கட்டணும்.

தைல மர இலையை மட்டும் காயவைக்காம கிளிசரின் ஏத்தறேன். மெடிக்கல் ஷாப்ல கிடைக்கற சாதா கிளிசரின் ஒரு பங்கு, சுடுதண்ணி ரெண்டு பங்கு, கலக்கி ஒரு பாட்டில்ல ஊத்தி, கிளையோட அடியைச் சுத்தியால நசுக்கி உள்ள நிக்க வச்சுடணும். ரெண்டு மூணு வாரத்துல இலைக்குள்ள தண்ணி இருந்த இடத்துல கிளிசரின் ஏறிடும், நிறம் கொஞ்சம் மங்கும், ஆனா இலை தோல் மாதிரி வளையும், நொறுங்காது. சேலம் வெயிலுக்கு இது ரொம்ப முக்கியம், சாதாரணமா காஞ்ச இலை மேல கை பட்டாலே பொடிப்பொடியா உதிரும்.

கீழ சேலத்துல கிடைக்கறது வேற. வாடாமல்லி பேருக்கு ஏத்தது, காஞ்சாலும் அந்த ஊதா போகாது, ஆனா பூ மார்க்கெட்ல காம்பு கிள்ளித்தான் விப்பாங்க, மாலைக்குத்தானே. காம்போட வேணும்னா தொட்டில வளர்த்துக்கறதுதான் வழி, விதை போட்டா எந்த மண்ணுலயும் வரும். கோழிக்கொண்டை கூட அருமையா காயும், ஆனா கட்டறதுக்கு முன்னாடி பேப்பர் மேல தலைகீழா பிடிச்சு நல்லா உதறுங்க, கருப்பு விதை ராகி கொட்டற அளவுக்குக் கொட்டும், அதைப் பண்ணாம மாட்டினா வாசல்படி பூரா விதைதான். எதுவா இருந்தாலும் காயவைக்கறது நிழல்ல, இருட்டா காத்தோட்டமா இருக்கற இடத்துல, தலைகீழா தொங்கவிட்டு, ரெண்டு மூணு வாரம். மொட்டை மாடில வெயில்ல போட்டா ரெண்டு நாள்ல காஞ்சிடும், நிறமும் அதோட போயிடும். நான் படிக்கட்டுக்கு அடியில கொடி கட்டித் தொங்கவிடறேன்.

எல்லாத்தையும் விட எனக்குப் பிடிச்சது பூளைப்பூ. நம்ம பக்கம் போகி அன்னிக்கு காப்புக் கட்டறோம்ல, பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை சேர்த்து வாசல், கொட்டாய், வயக்காடுன்னு எல்லா இடத்துலயும் சொருகறது, அந்தப் பூதான். போகிக்கு முன்னாடி ரெண்டு மூணு நாள் கடைவீதி ஓரத்துல கட்டுக்கட்டா வச்சிருப்பாங்க, அப்ப எனக்குன்னு தனியா நாலு கட்டு சேர்த்து வாங்கி வச்சுக்குவேன். காப்புக் கட்டினதை அவுத்து எடுக்கற வேலை வேண்டாம், வீட்டுப் பெரியவங்க சும்மா விடமாட்டாங்க. பூளைப்பூ காஞ்சா அப்படியே சாம்பல் வெள்ளைல பஞ்சு மாதிரி நிக்கும், உதிராது. ஆவாரம்பூ சரிப்படாது, மஞ்சள் கொட்டிடும். அப்புறம் யோசிச்சுப் பார்த்தா வேடிக்கைதான், சில்வர் ஓக்கும் தைலமும் ஆஸ்திரேலியாக்காரங்க, உண்ணியும் ஜகரண்டாவும் வாடாமல்லியும் அமெரிக்கா பக்கம், என் ரீத்துல அசல் உள்ளூர்க்காரின்னா இந்தப் பூளைப்பூதான்.

இந்த இடத்துல அம்மா சொன்ன ஒரு விஷயத்தைச் சொல்லியாகணும். மொத ரீத்து பூளைப்பூவும் வெள்ளை சாமந்தியும் வச்சு நல்லா குண்டா, முழு வட்டமா செஞ்சு நிலைக்கதவுல மாட்டப் போனேன், அம்மா பார்த்துட்டு "ஏன் கண்ணு, எளவு வீட்டுக்கா கொண்டு போற?"ன்னு கேட்டுச்சு. கோவமெல்லாம் இல்ல, நிஜமாவே யாராவது போயிட்டாங்களோன்னுதான் கேட்டுச்சு. நம்ம ஊர்ல வட்டமா வெள்ளையா பூ வச்சா அது ஒரே ஒரு இடத்துக்குத்தான் போகும், தலைவர் சமாதிக்கோ, துக்க வீட்டுக்கோ. மூடநம்பிக்கைன்னு தள்ளிடலாம், ஆனா வாசல்ங்கறது நாம மட்டும் பார்க்கறது இல்லையே, பால்காரர்ல இருந்து சம்பந்தி வரைக்கும் பார்க்கறது. அதனால அதுல இருந்து வெள்ளைப் பூ மட்டுமே வச்சு கட்டறதில்ல, சாமந்தி, சம்பங்கி, கோழிக்கொண்டைன்னு மாலைக்கார கடைல அந்த வளையத்துக்குப் போற பூவை ஒண்ணா சேர்க்கறதில்ல, முழு வட்டத்தையும் மூடறதில்ல. மேல மூணுல ஒரு பங்கு வளையத்தை மொட்டையா விட்டு, உண்ணிக்கொம்பு முறுக்கு தெரியற மாதிரி வச்சு, கீழ ஒரு பக்கமா மட்டும் கொத்து ஏத்தி, அம்மாபேட்டைத் தறில மிச்சம் விழற பட்டு நூலைச் சேர்த்துக் குஞ்சம் பண்ணி ரெண்டு மணி கட்டித் தொங்கவிட்டா யாரும் எதுவும் கேக்கறதில்ல. பொருளும் மூணுல ரெண்டு பங்குதான் செலவாகுது, பார்க்கவும் அதுதான் நல்லா இருக்கு, 25 கொத்து கட்டற இடத்துல 16 போதும்.

நிலைக்கதவை விட்டுட்டு பக்கத்துச் செவுத்துல மாட்டினது இன்னொரு சமாதானம். நிலைக்கு மேல மாவிலை, நடுவுல மஞ்சள் குங்குமம், அங்க ரீத்துக்கு இடமே இல்ல. அது போக நம்ம வீடுங்கள்ல பாதி ரெட்டைக் கதவு, நடுவுல பொளந்துதான் திறக்கும், அந்த வெளிநாட்டுப் படத்துல வர்ற மாதிரி நட்ட நடுவுல மாட்டவே முடியாது. ஒத்தைக் கதவா இருந்தா கதவு அகலத்துல பாதி அளவுக்கு ரீத்து இருந்தா கண்ணுக்கு அளவா இருக்கும், முன்னாடி கிரில் கேட்டு இருந்தா நடுவுல எத்தனை இஞ்ச் இடைவெளின்னு அளந்துக்கோங்க, ரீத்து அதைவிடத் தடிமனா இருந்தா கேட்டை மூடும்போது நசுங்கும். ஈபி மீட்டர் பெட்டியை மறைக்கலாமேன்னு ஒரு யோசனை எல்லாருக்கும் வரும், வேண்டாம், ரீடிங் எடுக்க வர்றவர்கிட்ட திட்டு வாங்கணும். தொங்கவிட தங்கூஸ் நரம்பு, அதான் மீன் பிடிக்கற நைலான் நரம்பு போதும், கண்ணுக்குத் தெரியாது, எடையும் தாங்கும், பின்பக்கம் பழைய பெட்ஷீட் துணியை ரெண்டு மூணு இடத்துல சுத்தி வச்சா செவுத்துல கீறல் விழாது.

சேலத்துல ஒரு வருஷம் நின்ன அதே டிசைனை சித்தி வீட்டுக்கு ஏற்காட்டுல கட்டிக் குடுத்தேன், அங்க கதையே வேற. கீழ நமக்கு எதிரி வெயில், மேல ஈரம். 1500 மீட்டர் உயரம், ஆடில இருந்து கார்த்திகை வரைக்கும் மேகம் வாசல் வழியா வீட்டுக்குள்ளயே வந்துட்டுப் போகும், கோழிக்கொண்டைல மொதல்ல பூஞ்சணம் பூத்துச்சு, அப்புறம் தறி நூல் குஞ்சத்துல. குஞ்சம் விறைப்பா நிக்கணும்னு, தறில நீளவாக்குல ஓடற பாவு நூலுக்குக் கஞ்சி போடற பழக்கத்துல அதுக்கும் லேசா கஞ்சி போட்டிருந்தது, பூஞ்சணத்துக்கு விருந்தாப் போச்சு. பைன் காய் அதைவிட வேடிக்கை, அது காஞ்சா விரியும், ஈரம் பட்டா மூடிக்கும், மூடினதும் இதழுக்கு நடுவுல சுத்தின கம்பி நழுவி காய் தொங்க ஆரம்பிச்சிடும். சித்தி போன் பண்ணி "மழை வரப்போவுதுன்னா உன் காய் வாயை மூடிக்குதுடி"ன்னு சொல்லி ஒரே சிரிப்பு. அதனால மலைல இருக்கறவங்க பூவே வைக்காதீங்க, கட்டை, காய், கொம்பு மட்டும் வச்சு கட்டுங்க, பைன் காய்க்கு இதழ்ல சுத்தாம அடிப்பக்கம் ஓட்டை போட்டு கம்பி விடுங்க. மழை மாசத்துல அடுப்படில, அடுப்புச் சூடு பட்டும் படாம ஒரு ஓரத்துல மாட்டி வச்சா தப்பிச்சுக்கும்.

அடுப்படின்னதும் ஞாபகம் வருது, ஏலக்காய், பட்டை, அன்னாசிப்பூ, ஆரஞ்சு வில்லை வச்சு ஒண்ணு கட்டலாம், வாசனையே தனி. ஏற்காட்டு ஆரஞ்சை கால் இஞ்ச் தடிமனுக்கு வில்லையா வெட்டி, துணில ஈரத்தை ஒத்தி எடுத்து, ஓவன்ல 100 டிகிரில மூணு நாலு மணி நேரம், நடுநடுவுல திருப்பி விடணும். ஓவன் இல்லாதவங்களுக்கு சித்திரை வைகாசி மொட்டை மாடி இருக்கு, வத்தல் போடற அதே நாள்ல கொசுவலை மூடி போட்டுடுங்க. ஆனா எறும்பு வரும், கண்டிப்பா வரும், நல்லா காஞ்சதும் ரெண்டு பக்கமும் வார்னிஷ் அடிச்சாதான் தப்பும். நெல்லு கதிர், சோளக்கதிர் கட்டினாலும் இதே பிரச்சனை, எறும்புக்குப் பதிலா அணில். அணில் திங்கட்டும்னு விட்டா அது பாட்டுக்கு அழகு, ஆனா கீழ உமி பெருக்கிக்கிட்டே இருக்கணும். காட்டுக் காய் எதுவா இருந்தாலும் உள்ள வண்டு இருக்கும், கட்டறதுக்கு முன்னாடி கவர்ல போட்டு ஃப்ரீசர்ல நாலஞ்சு நாள் வச்சு எடுத்துடுங்க.

ஒரு விஷயத்துல மட்டும் கண்டிப்பா இருப்பேன். செவப்பு வேணும்னு குன்றிமணி வைக்காதீங்க. பார்க்க அவ்ளோ அழகு, ஆனா விஷம், முழுசா முழுங்கினாகூட சில சமயம் தப்பிக்கலாம், ஓட்டை போட்டதோ கடிச்சதோ உள்ள போனா உயிருக்கே ஆபத்து, ஓட்டை போடும்போது வர்ற தூளும் நல்லதில்ல. வாசல்ல தொங்கறது குழந்தைங்க கைக்கு எட்டற இடம். ஆமணக்குக் காயும் அப்படித்தான், முள்ளு முள்ளா செவப்பா அழகா இருக்கும், வேண்டாம். மஞ்சாடி விதை வச்சுக்கோங்க, ஆனைக் குன்றிமணின்னு சொல்வாங்களே அது, நல்ல செவப்பு, நிறமும் மங்கறதில்ல.

போன டிசம்பருக்கு முன்னாடி அஸ்தம்பட்டில இருக்கற ஸ்கூல் ஃப்ரெண்டு ஒருத்தி, அவ கத்தோலிக்க வீடு, திருவருகைக் காலத்துக்கு, அதான் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரத்துக்கு, மேசை மேல வைக்கற வளையம் வேணும்னு கேட்டா. அது தொங்கவிடறது இல்ல, படுக்க வச்சு நாலு மெழுகுவத்தி நிக்க வைக்கணும், மூணு ஊதா, ஒண்ணு ரோஸ், ஞாயித்துக்கிழமைக்கு ஒண்ணா ஏத்திக்கிட்டே போவாங்க, ரோஸ் மூணாவது ஞாயிறுக்கு. 1839ல ஜெர்மனில ஹாம்பர்க்ல விச்செர்ன்னு ஒரு பாதிரியார் அனாதைப் பசங்களுக்குக் கிறிஸ்துமஸ் எப்போ எப்போன்னு எண்ணிப் பார்க்க வண்டிச் சக்கரத்துல மெழுகுவத்தி வச்சுக் காட்டினதுல இருந்து வந்த பழக்கம்னு அப்புறம் படிச்சேன். இதுக்கு நான் மேல சொன்ன எதுவுமே ஆகாது. காஞ்ச பூளைப்பூல ஒரு பொறி பட்டா போதும், பஞ்சு பத்தற வேகம்தான், கிளிசரின் ஏத்தின இலையும் நெருப்புக்கிட்ட வேண்டாம். பச்சை இலை மட்டும்தான், அதுவும் வாரம் ஒரு தடவை மாத்தணும். ஒரு அகலமான மண் தட்டுல ஈர மணல் பரப்பி, நாலு மெழுகுவத்தியையும் பித்தளைக் குங்குமச் சிமிழ்ல நிக்க வச்சு மணல்ல பாதி புதைச்சு, சுத்தி சைப்ரஸ் கிளையும் துளசியும் சொருகிக் குடுத்தேன். மணல் ஈரமா இருந்தா இலையும் வாடாது, மெழுகு உருகி விழுந்தாலும் மேசைக்கு ஒண்ணும் ஆகாது. சுடர் எரியும்போது ரூமை விட்டுப் போகக்கூடாதுன்னு நாலு தடவை சொல்லி அனுப்பினேன்.

இப்ப கேக்கறவங்களுக்கு காசு வாங்கித்தான் கட்டிக் குடுக்கறேன். பொருள் செலவு பெருசா ஒண்ணும் கிடையாது, ஆனா வெட்டி, வேகவச்சு, காயவச்சு, கட்டி முடிக்க ஒரு மாசம் ஓடிடும், அதனால பொங்கலுக்கு வேணும்னா கார்த்திகையிலயே சொல்லிடுங்கன்னு சொல்லிடறேன். நிறம் போனா தூக்கிப் போடாதீங்க, கம்பியோட கடைசி நுனியைத் தேடி அவுத்துக்கிட்டே போனா கொத்தெல்லாம் ஒண்ணொண்ணா வந்துடும், வளையமும் கம்பியும் அடுத்ததுக்கு ஆச்சு, காஞ்ச பூவை உரக்குழில போட்டுடலாம். எடுத்து வைக்கணும்னா தரைல படுக்க வச்சு மேல எதையும் அடுக்காதீங்க, பழைய தலைகாணி உறைக்குள்ள போட்டு நாலு வேப்பிலைக் கொத்து சேர்த்து பரண்ல கொக்கி அடிச்சு தொங்கவிடுங்க, பிளாஸ்டிக் கவர் மட்டும் வேண்டாம், வேர்த்துப் போகும்.